சனிக்கிழமை 58, ஞாயிற்றுக்கிழமை 61: பேஸ்பால் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அப்பாக்களே, அம்மாக்களே,

டாலஸுக்கு வடக்கே, சனிக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம் மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, எலுமிச்சை சாத டப்பா சகிதம் மைதானத்துக்கு வந்துவிடும் நம் தமிழ்க் குடும்பங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். பயிற்சியாளர்களிடம் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லிவிட்டேன். நம்மிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் வேறு. அது தமிழில்தான் சரியாக வரும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் பன்னிரண்டு வயதில் இரண்டு அணிகளில் ஆடிக்கொண்டிருந்தான். ஒன்று ஊர்ப் பிள்ளைகளுக்கான ரெக் லீக், இன்னொன்று ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடும் டிராவல் டீம். மே மாதத்து வார இறுதி ஒன்றில், சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் 58 பந்து எறிந்தான். லீக்கில் அதை எண்ணிக் குறித்து வைக்கிறார்கள். அந்த வயதில் 58 எறிந்தால் மூன்று நாள் மவுண்டில், அதாவது பந்தெறிகிற மேட்டில், ஏறக்கூடாது. மறுநாள் ஒன்றரை மணி நேரம் காரில் போய் இன்னோர் ஊரில் டிராவல் டீம் போட்டி. அங்கே மறுபடி ஏறினான். 61. அந்தப் பயிற்சியாளருக்குச் சனிக்கிழமை கணக்கு தெரியாது. லீக் பயிற்சியாளருக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கு தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள், வலைக்குப் பின்னால், பந்தின் வேகத்தை அளக்கிற ரேடார் கன்னைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்தான். அந்த ரேடார் கன்னும் நான் வாங்கியது. அவனுடைய பதினோராவது பிறந்தநாளுக்கு.

நான்காவது இன்னிங்ஸில், ஒவ்வொரு பந்துக்கும் பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி ஒருமுறை உதறிக்கொண்டான். பார்த்தேன். டக்அவுட்டுக்கு (ஆட்டக்காரர்கள் உட்காரும் கொட்டகை) வந்தபோது "வலிக்குதாடா?" என்றேன். "ஒண்ணும் இல்லப்பா" என்றான். அதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது, நம்பினேன். இரண்டு வாரம் கழித்து, அவன் இடது கையால் பல் தேய்ப்பதை அவன் அம்மாதான் கவனித்தாள். அவன் வலது கைக்காரன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்கையின் உள்பக்கம் தொட்டால் தட்டுப்படுகிற எலும்பு முனை இருக்கிறதல்லவா, வளர்கிற பிள்ளைகளுக்கு அது இன்னும் முழுதாக ஒட்டியிருக்காது. நடுவில் குருத்தெலும்பு இருக்கும். ஒவ்வொரு எறிதலும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநார் அறுகிற இடத்தில், பிள்ளைகளுக்கு எலும்பு முனையே விலகப் பார்க்கிறது. "லிட்டில் லீக் எல்போ" என்று செல்லப் பெயர் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. இரண்டரை மாதம் பந்தையே தொடக்கூடாது என்றார்கள். அவ்வளவோடு தப்பித்தோம்.

அதன் பிறகு பிசியோதெரபிக்குப் போனோம். அந்த அம்மா முதல் நாள் முழங்கையைப் பார்க்கவே இல்லை. "இடது காலில் நில். மெதுவாக உட்காரப் போகிற மாதிரி இறங்கு" என்றார். பாதி கூட இறங்கவில்லை, முழங்கால் உள்பக்கமாக மடிந்து, இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டான். வலது காலிலும் அதே கதை. திரும்பி என்னைப் பார்த்தார். "இவன் எறியும்போது முழு உடம்பும் வந்து நிற்கிறது இந்த ஒற்றைக் காலில்தான். கால் தாங்காததை யார் தாங்குவார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்றார். ரேடார் கன்னுக்குக் கொடுத்த பணம் அப்போது ஞாபகம் வந்தது.

பம்பரம் விட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கையை மட்டும் வீசினால் பம்பரம் உருண்டு ஓடிவிடும். கால் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் வந்து, கடைசியில் சாட்டை உருவினால்தான் தலையைச் சுற்றிக்கொண்டு நிற்கும். பிட்சிங்கும், அதாவது பேட்டருக்குப் பந்தெறிவதும், அதேதான். விசை தரையில் பிறந்து கால், இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, விரல் நுனி என்று கைமாறிப் போகிறது. நன்றாக எறிகிற பெரியவருக்குத் தோள் உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரி வரை போகிறது. மனித உடம்பு செய்கிற அசைவுகளிலேயே மிக வேகமானவற்றில் அது ஒன்று. கீழே எந்த இடத்தில் விசை ஒழுகினாலும், அந்தக் கடனை முழங்கைதான் அடைக்கும்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

முன்னேற்றம் என்றால் நமக்குத் தெரிந்தது ஒரே வழி. கணக்கில் மார்க் குறைந்தால் டியூஷன். அப்போதும் ஏறாவிட்டால் இன்னொரு டியூஷன். விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிட்டு, பிளாஸ்கில் காபி வைத்து, மாதிரி வினாத்தாள் இருபது போடவைத்து வளர்ந்த தலைமுறை நாம். அது பலித்தும் இருக்கிறது, அதனால்தான் இந்த ஊரில் இருக்கிறோம். அதே கணக்கைத்தான் மைதானத்துக்கும் கொண்டுவருகிறோம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டவணை இது: திங்கள் பிட்சிங் லெசன், செவ்வாய் அணிப் பயிற்சி, புதன் பேட்டிங் கேஜ், வியாழன் மறுபடி அணிப் பயிற்சி, வெள்ளி வேகப் பந்து வகுப்பு, சனி ஞாயிறு ஆட்டம். ஓய்வு என்று ஒரு கட்டம் கூட இல்லை. இருந்திருந்தால் அதில் அபாகஸ் போட்டிருப்போம்.

ஒரே கணக்கை நூறு தரம் போட்டால் நூற்றியொன்றாவது தரம் சுலபமாக வரும். மூளைக்கு அது சரி. முழங்கைக்கு அப்படி இல்லை. உடம்பு வேலை செய்யும்போது பலம் பெறுவதில்லை. வேலை செய்துவிட்டு ஓய்வெடுக்கும்போதுதான் பெறுகிறது. பயிற்சியில் பாதி அந்த ஓய்வு. நாமோ அதைச் சோம்பேறித்தனக் கணக்கில் எழுதுகிறோம்.

இது என் சொந்த ஞானம் இல்லை. அலபாமா மாநிலம் பர்மிங்காமில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள், கிளென் ஃப்ளைசிக், ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் போன்றவர்கள், பல வருடங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். 2006-ல் வந்த அவர்களுடைய ஆய்வு ஒன்றில், கை அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பிட்சர்களையும் காயமே படாத பிட்சர்களையும் ஒப்பிட்டார்கள். வருடத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வாய்ப்பு 5 மடங்கு. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்களுக்கு 36 மடங்கு. முப்பத்தாறு! அச்சுப் பிழையோ என்று நான் இரண்டு தரம் பார்த்தேன். 2011-ல் வந்த இன்னோர் ஆய்வு, 9 முதல் 14 வயது வரையிலான 481 பிள்ளைகளைப் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தது. ஒரே வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல மூன்றரை மடங்கு.

சோர்வுதான் முதல் எதிரி. சரி, சோர்வை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளை சொல்லமாட்டான், அதை நான் அனுபவித்துவிட்டேன். உடம்பு சொல்லும். பந்து திடீரென்று மேலே மேலே போக ஆரம்பிக்கும். எறியும்போது முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும். இரண்டு பந்துகளுக்கு நடுவில் எடுத்துக்கொள்ளும் நேரம் நீளும். தொப்பியைச் சரிசெய்வான், ஷூ லேஸைக் கட்டுவான், மண்ணை ரசிப்பான். இதையெல்லாம் பார்க்க ரேடார் கன் வேண்டாம். போனைக் கீழே வைத்தால் போதும்.

எண்ணிக்கைக்கும் எழுதிவைத்த கணக்கு இருக்கிறது. சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக் 2007-லேயே பிட்ச் கவுண்ட் (எறிந்த பந்துக் கணக்கு) விதியைக் கொண்டுவந்தது. தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் மேஜர் லீக்கும், தேசிய அமைப்பான யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் 'பிட்ச் ஸ்மார்ட்' என்று வயதுவாரி அட்டவணை போட்டார்கள். 11, 12 வயதுக்கு ஒரு நாளில் உச்சம் 85. அது எட்ட வேண்டிய இலக்கு இல்லை, தாண்டக்கூடாத கோடு. 20 வரை எறிந்தால் ஓய்வு தேவையில்லை, 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு, 65 வரை மூன்று, அதற்கு மேல் நான்கு நாள். வருடத்தில் நான்கு மாதம் தலைக்கு மேல் கை தூக்கி எறியும் வேலையே வேண்டாம், அதில் இரண்டு மூன்று மாதமாவது சேர்ந்தாற்போல இருக்கட்டும் என்கிறது. டெக்ஸஸில்தான் இது கஷ்டம். மின்னசோட்டாவில் பனியே ஓய்வு கொடுத்துவிடும். இங்கே ஜனவரியில் கூட வெயில் அடிக்கும், யாராவது ஒரு 'குளிர்காலப் போட்டி' நடத்துவார்கள்.

இந்த அட்டவணையில் ஓட்டை ஒன்று உண்டு. ஓர் அணியில் எறிந்த கணக்கு இன்னோர் அணிக்குப் போய்ச் சேர்வதில்லை. ஆட்டத்துக்கு முன்னால் வார்ம்-அப்பில் எறிந்தது எண்ணிக்கையில் வராது. பிட்ச் பண்ணி முடித்ததும், விக்கெட் கீப்பர் மாதிரி பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்காரவைத்தால், ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிவதும் அதே கைதான். (லிட்டில் லீக்கில் 41 பந்தோ அதற்கு மேலோ எறிந்தவன் அன்றைக்குக் கேட்சராக முடியாது. எல்லாப் போட்டிகளிலும் அப்படி இல்லை.) பெற்றோர் மட்டும்தான் எல்லா இடத்திலும் கூடவே இருக்கிறோம். அதனால்தான் கடிதம் உங்களுக்கு.

நான் இதைப் பேச ஆரம்பித்ததும் நம் நண்பர் ஒருவர், "நோலன் ரயன் எறியலையா?" என்றார். டெக்ஸஸ் கொண்டாடும் பழைய நட்சத்திரப் பிட்சர் அவர், இங்கே இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எறிந்தார். 1974 ஜூனில் பாஸ்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 13 இன்னிங்ஸ், 235 பந்து. அதற்குப் பிறகும் பத்தொன்பது வருடம் ஆடி, 46 வயதில், 5,714 ஸ்டிரைக்அவுட்டோடு (பேட்டரைப் பிட்சரே நேராக அவுட்டாக்குவது) ஓய்வு பெற்றார். ஆனால் அதே 1974 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸில் டாமி ஜான் என்ற இடதுகைப் பிட்சருக்கு ஒரு பந்தோடு முழங்கை போனது. செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் மற்றொரு கையிலிருந்து நாண் எடுத்து அங்கே தைத்துப் பார்த்தார். அதுவரை யாரும் செய்யாத சிகிச்சை. 1976-ல் திரும்பி வந்த டாமி ஜான், மொத்தம் வென்ற 288 ஆட்டங்களில் 164-ஐ அதற்குப் பிறகுதான் வென்றார். அவர் பெயரே அந்தச் சிகிச்சைக்கு நிலைத்துவிட்டது. நோலன் ரயன் பெயர் நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் அவர் கை தாங்கியது. தாங்காதவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அவர்களில் பலர் இருபது வயதிலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம், ரயனை உதாரணம் காட்டுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1991 மே மாதம், 44 வயதில், டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காகத் தன் ஏழாவது நோ-ஹிட்டரை (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம்) எறிந்து முடித்த இரவு அவர் போய் உட்கார்ந்தது உடற்பயிற்சி சைக்கிளில். கால் வேலை. மற்ற பிட்சர்கள் எடை தூக்கப் பயந்த காலத்திலேயே அவர் தூக்கினார். அவருடைய பயிற்சியாளர் டாம் ஹவுஸ்தான், 2008-ல் நம் ஊர் டி.வி. போட்டியில் தேர்வான ரிங்கு சிங்கையும் தினேஷ் படேலையும் பிட்சர்களாக்கியவர். இரண்டு பேரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள். பேஸ்பாலைக் கையில் தொட்டதே இல்லை. அதே வருடம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் போட்டது. மேஜர் லீக் வரை போகவில்லைதான். ஆனால் ஏழு வயதிலிருந்து பேஸ்பால் தவிர வேறெதுவும் ஆடாமல் இருந்தால்தான் கை வேகம் வரும் என்கிற பேச்சுக்குப் பதிலாக அவர்கள் இரண்டு பேர் போதும்.

இன்னொரு பையன் கதை. எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜப்பானில் பள்ளிகளுக்கான கோஷியன் போட்டி என்றால் நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடும். 1998-ல் அங்கே டைசுகே மட்சுசாகா ஒரே ஆட்டத்தில் 17 இன்னிங்ஸ் நின்று 250 பந்து எறிந்தார். அதை வீரம் என்று கொண்டாடினார்கள். 2019-ல் இவாத்தே மாகாணத்தில் ரோக்கி சசாகி என்ற பதினேழு வயதுப் பையன் மணிக்கு 163 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்துகொண்டிருந்தான். ஒஃபுனாட்டோ என்கிற கடலோர ஊர்ப் பள்ளி. 35 வருடமாக கோஷியனுக்குப் போனதில்லை. இன்னும் ஓர் ஆட்டம் ஜெயித்தால் போகலாம். அந்த வாரத்தில் பையன் ஏற்கனவே ஓர் ஆட்டத்தில் 194 பந்தும், இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் 129 பந்தும் எறிந்திருந்தான். பயிற்சியாளர் யோஹெய் கொகுபோ, இறுதிப் போட்டியில் அவனை இறக்கவே இல்லை. 12–2 என்று தோற்றார்கள். ஊரெல்லாம் திட்டு. பள்ளிக்கு போன் மேல் போன். ஒரு பக்கம் பாராட்டு, மறுபக்கம் வசை என்று நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அடுத்த வருடம் ஜப்பான் பள்ளி பேஸ்பால் கூட்டமைப்பு, வாரத்துக்கு ஒரு பிட்சர் 500 பந்துக்கு மேல் எறியக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 500-ஏ எனக்கு அதிகமாகத்தான் படுகிறது, அது இருக்கட்டும்.

அந்தப் பையனைத் தொழில்முறை அணியான சிபா லோட்டே எடுத்தது. முதல் வருடம் ஓர் ஆட்டத்தில் கூட இறக்கவில்லை, உடம்பை வளர்த்தார்கள். 2022 ஏப்ரல் 10 அன்று, இருபது வயதில், அவன் ஒரு பெர்ஃபெக்ட் கேம் எறிந்தான். 27 பேர் வந்தார்கள், 27 பேரும் போனார்கள், 19 பேர் ஸ்டிரைக்அவுட், அதில் 13 பேர் தொடர்ச்சியாக. பிறகு அவனுக்கும் தோள் தொல்லை வந்தது, 2025-ல் அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணியில் பல வாரம் வெளியே உட்கார்ந்தான். அந்த வேகத்துக்கு எந்த உடம்பும் விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விலையைப் பதினேழு வயதில் ஒரு பள்ளிக் கோப்பைக்காகக் கொடுக்க விடாத ஒரு மனிதர் அவனுக்கு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் கோப்பைக்காக நான் கொடுக்க விட்டேன்.

"அப்படியானால் பையன் எப்படித்தான் முன்னேறுவான்?" என்பீர்கள். எறிவதைக் குறைத்துவிட்டு மற்றதைக் கூட்டினால் முன்னேறுவான். என் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டரை மாதத்தில் அவன் செய்தது: ஒற்றைக் காலில் இறங்கி ஏறுவது, பிளாங்க், தண்டால், ரப்பர் பட்டையை இழுத்துத் தோளின் பின்பக்கத்தைப் பலப்படுத்துவது, இருபது கஜ ஓட்டம். பின்பக்கம் ஏன் என்றால், முன்பக்கத் தசை கையை வீசுகிறது, பின்பக்கத் தசைதான் பிரேக் போடுகிறது. பிரேக் இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தோம். ஓட்டமும் மைல் கணக்கில் இல்லை. இந்த விளையாட்டில் யாரும் ஒரு மைல் ஓடுவதில்லை. வெடித்துப் புறப்பட்டு நான்கைந்து நொடியில் நிற்கிறார்கள். அதனால் சின்ன ஓட்டம், முழு வேகம், நடுவில் நன்றாக மூச்சு வாங்க நேரம்.

"வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும்" என்று ஊரிலிருந்து என் மாமியார் போனில் எச்சரித்தார். நம்மில் பலருக்கும் அந்தப் பயம் உண்டு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், முறையான மேற்பார்வையில் செய்கிற பலப் பயிற்சி வளர்ச்சியைக் கெடுக்காது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆளில்லாத கராஜில் அண்ணனோடு பந்தயம் கட்டித் தூக்குவது வேறு, அது எந்த வயதிலும் ஆபத்து.

கனப் பந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். வேகப் பந்து வகுப்பில் கொடுக்கிற அந்தக் கலர் கலர் பந்துகள். 2018-ல் 13 முதல் 18 வயதுப் பிட்சர்களை வைத்து ஆறு வாரம் சோதித்தார்கள். வேகம் 3 சதவீதத்துக்குச் சற்று மேலே ஏறியது உண்மை. கனப் பந்து எறிந்த குழுவில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கையில் காயம் வந்ததும் உண்மை. வகுப்புக்கான விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் இருக்கும்.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேஜர் லீக்கில் வேகப் பந்தின் சராசரி 2008-ல் மணிக்கு 91.3 மைல், 2024-ல் 94.2. எல்லோரும் அதைத்தான் துரத்துகிறார்கள். காயங்கள் பெருகுவதற்கு அந்தத் துரத்தலே முக்கியக் காரணம் என்று மேஜர் லீக்கே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒத்துக்கொண்டது. பன்னிரண்டு வயதுக்கு என்ன வேண்டும்? ஸ்டிரைக் வேண்டும், அதாவது பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் பந்து போக வேண்டும். கேட்சர் கையுறை வைத்த இடத்துக்குப் பந்து போக வேண்டும். அதே கையசைவில் மெதுவாக வருகிற சேஞ்ச்-அப் ஒன்று வேண்டும். மேஜர் லீக் பிட்சர் கிரெக் மேடக்ஸ் வேகத்தால் யாரையும் மிரட்டவில்லை. பந்தை நினைத்த இடத்தில் வைத்தார், வேகத்தை மாற்றினார், 355 ஆட்டம் ஜெயித்தார். 1997-ல் ஒரு முழு ஆட்டத்தை எண்பதுக்கும் குறைவான பந்தில் முடித்தார். நம் பிள்ளைகள் மூன்று இன்னிங்ஸில் அதைத் தாண்டிவிடுகிறார்கள், ஏனென்றால் பாதிப் பந்து ஸ்டிரைக் இல்லை. குறி சரியானால் எண்ணிக்கை தானாகக் குறையும்.

பேட்டிங்கில் நம் அப்பாக்களுக்கு வேறொரு வியாதி. கிரிக்கெட். டீ-பால் (குச்சி மேல் வைத்த பந்தைச் சின்னப் பிள்ளைகள் அடிக்கும் ஆட்டம்) காலத்தில் நானே வேலிக்கு வெளியே நின்று "ஸ்டிரெய்ட் பேட், ஸ்டிரெய்ட் பேட்!" என்று கத்தியிருக்கிறேன். பக்கத்து நாற்காலி அமெரிக்கப் பெண்மணி மரியாதையாகச் சிரித்தார். நாம் பந்து தரையில் பட்டு எழுவதைப் பார்த்து ஆடிப் பழகியவர்கள். இங்கே பந்து தரையில் படுவதே இல்லை, முடிவெடுக்க அரை நொடிதான். 46 அடியிலிருந்து மணிக்கு 60 மைலில் வருகிற பந்துக்கு உள்ள நேரம் அவ்வளவுதான். கால், இடுப்பு, கை என்று வரிசை மாறாமல் சுழலும் பழக்கம் முன்பே உடம்பில் ஏறியிருந்தால்தான் அந்த நேரத்தில் ஏதாவது செய்ய முடியும். அதற்குப் பந்தை வைத்து அடிக்கிற இருபது டாலர் டீ குச்சி ஒன்று போதும், வலை ஒன்று போதும். மேஜர் லீக் ஆட்டக்காரர்களே தினம் டீயில்தான் ஆரம்பிக்கிறார்கள். முந்நூறு, நானூறு டாலர் பேட்டை விடப் பையன் சுழற்றக்கூடிய எடையில் ஒரு பேட் நல்லது. கையை முன்னால் நீட்டி இருபது நொடி ஆடாமல் பிடிக்கமுடியவில்லை என்றால் அவனுக்கு அது கனம், அவ்வளவுதான்.

கிரிக்கெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் காம்பவுண்டுச் சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து, திரும்பி வருவதை வெறுங்கையால் பிடித்தோமே, மத்தியானத் தூக்கம் கெட்டுப் பாட்டி திட்டுகிற வரைக்கும். அதுதான் உலகத்திலேயே நல்ல ஃபீல்டிங் பயிற்சி. மெதுவாக, கைக்குக் கீழிருந்து உருட்டி எறிந்தால் தோளுக்கும் சுமை இல்லை. கராஜ் கதவு மட்டும் கொஞ்சம் அடி வாங்கும். என் மகன் ஒரு கோடை முழுக்க அதைச் செய்தான். ஆகஸ்டில் ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் இடம்) அவன் கால் நகர்ந்த விதத்தைப் பார்த்துப் பயிற்சியாளர் எந்தக் கோச்சிங்குக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டார்.

தூக்கத்தைப் பற்றி ஒரே ஒரு வரி: 2014-ல் வந்த ஆய்வு ஒன்றில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய பள்ளி விளையாட்டுப் பிள்ளைகளுக்குக் காயம் வரும் வாய்ப்பு 1.7 மடங்கு. ராத்திரி பத்தரைக்குக் கணக்கு ஒர்க்‌ஷீட் முடித்துவிட்டு காலை ஐந்துக்குக் கிளம்புகிற நம் வீடுகளை நினைத்துக்கொண்டேன். சாப்பாட்டில் நாம் பரவாயில்லை. முட்டை, தயிர், சுண்டல், பருப்பு எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. ஜூலை வெயிலில் கலர் தண்ணீரை விட உப்புப் போட்ட நீர்மோர் நன்றாகவே வேலை செய்கிறது. இப்போது எங்கள் டக்அவுட்டில் மெக்சிகன் பையன்களும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள்.

பிட்சர் ஜான் ஸ்மோல்ட்ஸ் 2015-ல் பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் ஏறினார். டாமி ஜான் சிகிச்சை செய்துகொண்ட பிட்சர்களில் அங்கே போன முதல் ஆள். வாழ்க்கையின் பெரிய மேடை, நன்றி சொல்ல எத்தனையோ பேர் இருந்தார்கள். அந்த நேரத்தில் அவர் பெற்றோர் பக்கம் திரும்பி, பதினான்கு பதினைந்து வயதில் இந்த அறுவை சிகிச்சை சகஜம் இல்லை, பேஸ்பால் வருடம் முழுக்க ஆடுகிற ஆட்டமும் இல்லை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அதே வருடம் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் 2007 முதல் 2011 வரை இன்ஷூரன்ஸ் பதிவுகளில் இருந்த இந்த வகை அறுவை சிகிச்சைகளில் பாதிக்கு மேல் 15 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்தவை என்று தெரிந்தது.

என் மகன் இப்போது ஒரே அணியில் ஆடுகிறான். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கூடைப்பந்து. மவுண்டில் வாரத்துக்கு ஒருமுறை. ரேடார் கன் எங்கோ டிராயரில் கிடக்கிறது, பேட்டரியைக் கழற்றி டி.வி. ரிமோட்டுக்குப் போட்டுவிட்டேன்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். நாம் ஒன்பது குடும்பங்கள் இருக்கிறோம், அதில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு அணிகளில் ஆடுகிறார்கள். நம் வாட்ஸாப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் குட்மார்னிங் பூவுக்கும் நடுவில் ஓர் இடம் ஒதுக்குவோம். எந்த அணிக்காக எறிந்தாலும், அன்றைக்கு எத்தனை என்பதை அங்கே போடுங்கள். பெயர், தேதி, எண்ணிக்கை, போதும். லீக் பயிற்சியாளர் இருவரையும் குழுவில் சேர்க்க அவர்களிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். டிராவல் டீம் பயிற்சியாளர்களிடம் நீங்கள்தான் பேசவேண்டும். "அப்படியானால் உன் பையனுக்கு இடம் இல்லை" என்று யாராவது சொன்னால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் கூட வருகிறேன்.

வரும் சனிக்கிழமை எட்டு மணி ஆட்டத்துக்கு, பந்தை எண்ணுகிற கிளிக்கரும் நோட்டும் நான் எடுத்து வருகிறேன். இந்தப் புதன்கிழமை யார் யார் எத்தனை எறிந்தார்கள் என்பதை மட்டும் வெள்ளி இரவுக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் பேஸ் பக்கம் நீலக் குடைக்குக் கீழே உட்காரும் அப்பா